42 மதிப்பெண் எதை அளக்கிறது?

கேள்வி: ஐயா, நான் தென்மாவட்டம் ஒன்றில் ஐந்தாண்டுச் சட்டப்படிப்பை முடித்து, பார் கவுன்சிலில் தற்காலிகமாகப் பதிவு செய்துகொண்டு, எங்கள் ஊரிலேயே ஒரு சிவில் வழக்கறிஞரிடம் ஜூனியராக இருக்கிறேன். பிராது (வழக்குத் தொடுக்கும் மனு), எதிருரை, இடைக்கால மனு ஆகியவற்றை நானே எழுதி வைக்கிறேன். சீனியர் ஓரிரு இடங்களில் திருத்தினால் போதும் என்கிற அளவுக்கு வந்துவிட்டேன். ஆனால் வழக்கறிஞராகத் தொடர்ந்து தொழில் செய்யத் தேற வேண்டிய அகில இந்திய பார் தேர்வில் தேறவில்லை. விடைக்குறிப்பை வைத்துக் கணக்கிட்டதில் 42 மதிப்பெண் வருகிறது, 45 வேண்டும். என்னுடன் படித்த ஒருவர் எந்த அலுவலகத்திலும் சேராமல், பயிற்சி மையத்தில் மட்டும் படித்து, நல்ல மதிப்பெண்ணோடு தேறிவிட்டார். "புத்தகத்தைப் பார்த்து எழுதுகிற தேர்விலேயே தேறாதவள் கோர்ட்டில் என்ன செய்யப்போகிறாய்?" என்று அப்பா கேட்கிறார். சீனியரோ, "நாங்கள் எந்தத் தேர்வு எழுதி வக்கீலானோம்? அது வெறும் சடங்கு" என்கிறார். அமெரிக்காவில் இருப்பதுபோல் தேர்வைக் கடினமாக்கினால்தான் தரமான வழக்கறிஞர்கள் வருவார்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இந்தத் தேர்வு ஒரு வழக்கறிஞரின் திறமையைக் காட்டுகிறதா? நான் இந்தத் தொழிலுக்குத் தகுதியானவள்தானா?

பதில்: அன்புள்ள இளம் வழக்கறிஞருக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒரு தேர்வில் மூன்று மதிப்பெண் குறைந்ததை வைத்து நீங்கள் தொழிலுக்குத் தகுதியற்றவர் என்று யாரும் முடிவு கட்ட முடியாது. அதே சமயம், அந்த மூன்று மதிப்பெண்ணை ஒன்றுமில்லை என்று ஒதுக்கிவிடுவதும் சரியல்ல. உங்கள் அப்பா ஒரு பக்கம் மிகைப்படுத்துகிறார், உங்கள் சீனியர் மறுபக்கம் மிகைப்படுத்துகிறார். இந்தத் தேர்வு எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை, அளக்காததை அளக்க வேண்டிய பொறுப்பு யாருடையது என்பதைப் பிரித்துப் பார்த்தால் இருவர் சொல்வதிலும் எவ்வளவு உண்மை என்பது உங்களுக்கே விளங்கும்.

தேர்வின் அமைப்பு உங்களுக்குத் தெரிந்ததே. 100 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள், மூன்றரை மணி நேரம், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. தொடக்கத்தில் குறிப்புகளையும் வழிகாட்டி நூல்களையும் உள்ளே கொண்டுபோகலாம் என்று இருந்தது. 2021-இல் நடந்த 16-ஆவது தேர்விலிருந்து குறிப்புரை எதுவும் இல்லாத பேர் ஆக்ட் (சட்டத்தின் மூல வாசகம் மட்டும் உள்ள நூல்) மட்டுமே அனுமதிக்கப்படுகிறது. தேர்ச்சி மதிப்பெண்ணும் 40-இலிருந்து 45-ஆகவும், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு 35-இலிருந்து 40-ஆகவும் 2023-இல் உயர்த்தப்பட்டது. "புத்தகத்தைப் பார்த்து எழுதுவது" என்று உங்கள் அப்பா சொல்வது உண்மைதான். ஆனால் ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்றே அதிகமான நேரம் மட்டுமே கிடைக்கும்போது, எந்தச் சட்டத்தில் எந்தப் பகுதியில் அந்த விதி இருக்கிறது என்பது முன்பே தெரியாதவருக்குப் புத்தகம் கையில் இருந்தும் பயனில்லை. அதை அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

இனி, உங்கள் 42 மதிப்பெண்ணுக்கு வருவோம். பாடத்திட்டத்தில் 19 பகுதிகள் இருக்கின்றன. அவற்றில் உங்கள் சீனியரின் அலுவலகத்தில் அன்றாடம் புழங்குபவை உரிமையியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம், குடும்பச் சட்டங்கள், ஒப்பந்தமும் சொத்து மாற்றமும் ஏற்றதை ஆற்றுக வழக்குகளும் (ஒப்பந்தப்படி செய்து தரக் கோருபவை) காசோலை விவகாரங்களும் சேர்ந்த ஒரு பகுதி ஆகியவை. இவற்றுக்குரிய கேள்விகள் முறையே 10, 8, 8, 8, மொத்தம் 34. மீதி 66 கேள்விகள் அரசமைப்புச் சட்டம், குற்றவியல் சட்டங்கள், தொழிலாளர் சட்டம், வரிச் சட்டம், நிறுமச் (கம்பெனிச்) சட்டம், சுற்றுச்சூழல், இணையக் குற்றங்கள், அறிவுசார் சொத்துரிமை என்று நீங்கள் அலுவலகத்தில் அநேகமாகத் தொடாத இடங்களிலிருந்து வருகின்றன. கல்லூரியை விட்டு வந்த பிறகு அவற்றைத் திறந்தே பார்க்கவில்லை என்றால், சிவில் பகுதியில் எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் 42-இல்தான் வந்து நிற்கும். உங்கள் மதிப்பெண் எனக்குச் சொல்வது இவ்வளவே: ஒரு வயலை ஆழ உழுதிருக்கிறீர்கள், பக்கத்து வயல்களின் வரப்பு எங்கே இருக்கிறது என்பது உங்களுக்கு மறந்துபோயிருக்கிறது.

அது சிறிய குறை அன்று. உங்கள் ஊர் நீதிமன்றத்தில் வரும் கட்சிக்காரர் தன் பிரச்சினை எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது என்று தெரிந்துகொண்டு வருவதில்லை. பாகப்பிரிவினை என்று சொல்லிக்கொண்டு வருபவரின் நிலம் அரசு கையகப்படுத்தும் நடவடிக்கைக்குள் இருக்கக்கூடும்; கணவர் அடித்தார் என்று சொல்லி வருபவருக்கு அதைவிட அவசரமான தேவை இருக்கிற வீட்டிலிருந்து வெளியேற்றப்படாமல் இருக்க ஓர் உத்தரவாக இருக்கக்கூடும்; வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று வருபவரைச் சிவில் நீதிமன்றத்துக்கு அனுப்பினால் அவருடைய ஓராண்டு வீணாகும். எல்லா வழக்கையும் நாமே நடத்த வேண்டியதில்லை. ஆனால் இது எந்தத் துறை, எங்கே போக வேண்டும், காலவரம்பு ஓடிக்கொண்டிருக்கிறதா என்பதை முதல் சந்திப்பிலேயே அடையாளம் காணத் தெரிய வேண்டும். இந்தத் தேர்வு மிக அடிப்படையான அளவில் அதைத்தான் சோதிக்கிறது. 45 என்பது உயர்ந்த வரம்பு அல்ல. ஆகவே உங்கள் சீனியர் அதைச் சடங்கு என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. அது ஒரு வாசல். தாழ்வான வாசல்தான், ஆனாலும் அதைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும்.

அதற்கு அப்பால் இந்தத் தேர்வு எதையும் காட்டுவதில்லை என்பதையும் அதே அழுத்தத்தோடு சொல்ல வேண்டும். காசோலை வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். காசோலை பணமின்றித் திரும்பிய தகவல் வங்கியிடமிருந்து கிடைத்த நாளிலிருந்து எத்தனை நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்று தேர்வில் கேட்டால், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவைத் திறந்து 30 நாள் என்று குறித்துவிடலாம். அறிவிப்பு கிடைத்த பின் பணம் செலுத்த 15 நாள் என்பதும் அங்கேயே இருக்கிறது, அதன்பின் புகார் தாக்கல் செய்ய ஒரு மாதம் என்பது 142-ஆவது பிரிவில் இருக்கிறது. ஆனால் அலுவலகத்தில் நடப்பது வேறு. கட்சிக்காரர் வங்கி தந்த மெமோவைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு, எதிராளி பணம் தந்துவிடுவதாகச் சொன்னதை நம்பி, 27-ஆவது நாள் மாலையில் வருவார். மெமோவில் உள்ள தேதி ஒன்றாக இருக்கும், அவர் கைக்கு அது வந்த தேதி வேறாக இருக்கும், அதற்கான சான்று அவரிடம் இருக்காது. எதிராளி வீடு மாறியிருப்பார். காசோலையில் கையெழுத்திட்டவர் ஒருவர், கடன் வாங்கியவர் வேறொருவர் என்பது பேச்சு முடியும்போதுதான் தெரியவரும். புகார் தாக்கல் செய்வதில் ஏற்படும் தாமதத்தைத் தக்க காரணம் காட்டினால் நீதிமன்றம் மன்னிக்கலாம். அறிவிப்பு அனுப்புவதில் ஏற்படும் தாமதத்துக்கு அந்த வழி இல்லை என்பதை அறிந்த ஒருவர், அன்று இரவே உட்கார்ந்து அறிவிப்பைத் தயாரித்து, தெரிந்த முகவரிகள் அனைத்துக்கும் மறுநாள் காலையில் பதிவு அஞ்சலில் அனுப்பி, ரசீதுகளை வழக்குக் கட்டில் சேர்த்து வைப்பார். கட்சிக்காரரின் பணம் காப்பாற்றப்படுவது அந்த இரவில்தான். அந்த இரவை நான்கு விடைகள் கொண்ட எந்தக் கேள்வியாலும் அளக்க முடியாது.

பிராது எழுதுவதும் அப்படியே. வழக்குக்கான மூல காரணம் எந்தத் தேதியில் எழுந்தது என்பதை ஒரு பத்தியில் தெளிவாகச் சொல்வது, சொத்து விவரத்தில் செக்குபந்தியும் (நான்கு எல்லைகளும்) சர்வே எண்ணும் பட்டாவோடும் பத்திரத்தோடும் ஒத்துப்போகிறதா என்று வில்லங்கச் சான்றை விரித்து வைத்துக்கொண்டு சரிபார்ப்பது, கேட்க வேண்டிய பரிகாரத்தை விட்டுவிடாமலும் கேட்கக் கூடாததைக் கேட்டுக் கட்டணத்தை ஏற்றிக்கொள்ளாமலும் இருப்பது, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும்போது எந்தக் கேள்வியோடு நிறுத்திக்கொள்வது என்று தெரிந்திருப்பது, இவை எதுவும் அந்த 100 கேள்விகளில் இல்லை. தொழில் ஒழுக்கத்துக்கு ஒதுக்கப்பட்டிருப்பது 4 கேள்விகள். கட்சிக்காரரின் பணத்துக்குக் கணக்கு வைப்பது, எதிர்த்தரப்பிடம் ரகசியமாகப் பேசாமல் இருப்பது, தோற்கப்போகும் வழக்கைத் தோற்கும் என்று முதலிலேயே சொல்வது ஆகியவற்றில்தான் மக்கள் வழக்கறிஞர்களை நம்புவதும் நம்பாமல் போவதும் முடிவாகிறது. உங்கள் வகுப்புத் தோழர் பெற்ற மதிப்பெண்ணை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர் பரந்த படிப்பு உள்ளவர் என்பதை அது காட்டுகிறது. ஆனால் மேலே சொன்னவற்றில் ஒன்றைக்கூட அவர் இன்னும் செய்து பார்க்கவில்லை. அடுத்த மாதமே அவர் தனியாக வக்காலத்து தாக்கல் செய்து ஒரு வழக்கை நடத்தச் சட்டம் தடையாக இல்லை. எனக்குக் கவலை தருவது அதுதான்.

இந்த நிலை எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் இயற்றப்பட்டபோது, அதன் 24-ஆவது பிரிவில், சட்டப்பட்டம் பெற்றவர் ஒரு பயிற்சியை முடித்து அதன்பின் ஒரு தேர்விலும் தேற வேண்டும் என்ற ஏற்பாடு இருந்தது. பயிற்சி முன்னே, தேர்வு பின்னே என்ற அந்த வரிசையைக் கவனியுங்கள். 1973-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அந்த உட்பிரிவை நீக்கிவிட்டது. பட்டம் இருந்தால் பதிவு என்றாயிற்று. உங்கள் சீனியர் தலைமுறையினர் எந்தத் தேர்வும் எழுதாமல் வந்தது இதனால்தான். பின்னர் 1995-இல் இந்திய பார் கவுன்சில், பதிவுக்கு முன் ஓராண்டுப் பயிற்சி கட்டாயம் என்று விதி வகுத்தது. 1999-இல் சுதீர் என்பவர் தொடுத்த வழக்கில், அப்படி விதி வகுக்கப் பார் கவுன்சிலுக்கு அதிகாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் அந்தப் பயிற்சி விதிகளை ரத்து செய்தது. ஆக, பயிற்சி போயிற்று. 2010-இல் பார் கவுன்சில் தேர்வை மட்டும் கொண்டுவந்தது. 2009-10 கல்வியாண்டு முதல் பட்டம் பெறுவோருக்கு அது பொருந்தும் என்றது. முதல் தேர்வு 2011 மார்ச்சில் நடந்தது. அதையும் எதிர்த்து வழக்குகள் வந்தன. ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசமைப்பு அமர்வு 2023 பிப்ரவரி 10 அன்று தேர்வு செல்லும் என்று தீர்ப்பளித்தது. 1999-ஆம் ஆண்டுத் தீர்ப்பு சட்டத்தைச் சரியாக எடுத்துரைக்கவில்லை என்றும் அந்த அமர்வு கூறியது.

அந்தக் கடைசி வாக்கியத்தின் முக்கியத்துவத்தை நம்மில் பலர் கவனிக்கவில்லை என்பது என் எண்ணம். 1999-ஆம் ஆண்டுத் தீர்ப்பு சரியல்ல என்றால், பயிற்சியைக் கட்டாயமாக்குவதற்குக் குறுக்கே இருந்த பெரிய தடை விலகிவிட்டது என்றே நான் அதைப் படிக்கிறேன். ஆனால் தீர்ப்புக்குப் பின் நடந்த பேச்செல்லாம் தேர்வைச் சுற்றியே இருந்தது: கடைசிப் பருவ மாணவர்கள் எழுதலாமா, கட்டணம் எவ்வளவு, தேர்ச்சி மதிப்பெண் எவ்வளவு என்று. பயிற்சியைப் பற்றி யாரும் அவ்வளவு அக்கறையோடு பேசவில்லை. தேர்வு நடத்துவது ஓரளவு எளிது. ஒரு நாளில் முடிந்துவிடும். தாலுகா நீதிமன்றம் வரை ஒவ்வோர் ஊரிலும் இளைஞர்களுக்குச் சொல்லிக் கொடுக்க மனமும் நேரமும் உள்ள சீனியர்களைக் கண்டுபிடித்து, அவர்களிடம் பயிற்சி உண்மையாகவே நடக்கிறதா என்று பார்ப்பது கடினம். கடினமானதை விட்டுவிட்டு எளிதானதைப் பிடித்துக்கொண்டோம்.

இனி, தேர்வைக் கடினமாக்கலாம் என்ற உங்கள் நண்பர்களின் யோசனை. அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே தேர்ச்சி வரம்பை வைத்துக்கொள்கிறது. மிகக் கடினமானவற்றில் ஒன்று என்று பெயர்பெற்ற கலிபோர்னியாத் தேர்வில், 2005-ஆம் ஆண்டு ஜூலையில் கேத்லீன் சல்லிவன் தேறவில்லை. அவர் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியின் முதல்வராக இருந்தவர். அரசமைப்புச் சட்ட அறிஞர். நியூயார்க், மாசசூசெட்ஸ் மாநிலங்களில் ஏற்கெனவே வழக்கறிஞர். அடுத்த முறை எழுதித் தேறினார். இரண்டு தேர்வுகளுக்கும் இடையிலிருந்த சில மாதங்களில் அவர் திறமையற்றவராக இருந்து, பிறகு திறமைசாலியாக மாறிவிட்டார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதே கலிபோர்னியா 2020-இல் தன் தேர்ச்சி வரம்பை 1440-இலிருந்து 1390-ஆகக் குறைத்தது. 1439 எடுத்தவர் முந்தைய ஆண்டு தகுதியற்றவர், 1390 எடுத்தவர் மறு ஆண்டு தகுதியுள்ளவர் என்றால், அந்த எண் மனிதரின் திறமையைப் பற்றிச் சொல்வது மிகக் குறைவு; எத்தனை பேரை உள்ளே விடலாம் என்று அமைப்பு எடுத்த முடிவைப் பற்றிச் சொல்வதே அதிகம்.

அதே நாட்டில் விஸ்கான்சின் மாநிலத்தில், அம்மாநிலச் சட்டக் கல்லூரிகளில் உரிய பாடங்களோடு படித்துத் தேறியவர்கள் பார் தேர்வு எழுதாமலே வழக்கறிஞராகலாம். இது நெடுங்காலமாக இருந்துவரும் முறை. ஓரிகான் மாநிலம் 2024-இல் வேறொரு வழியைத் திறந்தது: பட்டதாரி ஓர் அனுபவமிக்க வழக்கறிஞரின் மேற்பார்வையில் குறிப்பிட்ட மணி நேரம் வேலை செய்து, தான் எழுதிய ஆவணங்களையும் கட்சிக்காரருடன் பேசிய பதிவுகளையும் ஒரு தொகுப்பாகத் தேர்வாளர்களிடம் கொடுக்க வேண்டும், அவர்கள் அதைப் படித்து மதிப்பிடுவார்கள். இங்கிலாந்தில் 2021-இல் சொலிசிட்டர் எனப்படும் வழக்கறிஞர்களுக்கு வந்த புதிய தேர்வு முறையில் முதல் கட்டம் நம்முடையதுபோல் விடையைத் தேர்ந்தெடுப்பது. இரண்டாம் கட்டத்திலோ கட்சிக்காரராக நடிப்பவரிடம் உட்கார்ந்து பேசி விவரம் கேட்க வேண்டும், வாதாட வேண்டும், கடிதமும் ஆவணமும் எழுதிக் காட்ட வேண்டும். அவற்றோடு இரண்டாண்டு வேலை அனுபவமும் வேண்டும். ஜப்பானில் பழைய பார் தேர்வில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர்தான் தேறினார்கள். ஆண்டுக்கணக்கில் அதையே எழுதிக்கொண்டு இளமையைத் தொலைத்தவர்கள் அங்கே ஏராளம். அவ்வளவு கடினமான தேர்வில் வென்றவரைக்கூட ஜப்பான் நேராக நீதிமன்றத்துக்கு அனுப்பவில்லை. அரசுப் பயிற்சி நிறுவனத்தின் பொறுப்பில் வைத்து, நீதிமன்றம், அரசு வழக்குத் தொடுப்பு அலுவலகம், வழக்கறிஞர் அலுவலகம் என்று சுற்றிப் பழகச் செய்த பிறகே அனுப்பியது. இன்றும் அப்படித்தான்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தெளிவாகத் தெரிவது ஒன்று: தேர்வு எவ்வளவு கடினம் என்பதைவிட, எந்த வேலையைச் செய்து காட்டச் சொல்கிறது என்பதே முக்கியம். நம் தேர்வின் தேர்ச்சி மதிப்பெண்ணை நாளையே 60 ஆக்கினாலும், 60 எடுத்தவருக்குப் பிராது எழுதத் தெரிந்திருக்கும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை. பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டி, வேலைக்குப் போகாமல் ஆறு மாதம் படிக்க வசதி உள்ளவர் தேறுவார். பகலெல்லாம் நீதிமன்றத்தில் நின்று, மாலையில் சீனியர் அலுவலகத்தில் உட்கார்ந்து, ஒரு சொற்பத் தொகையோடு வீடு திரும்பும் முதல் தலைமுறைப் பட்டதாரி தவறுவார். தேர்வைக் கடினமாக்குங்கள் என்று சொல்பவர்கள் இந்த இரண்டாமவரை நினைத்துப் பார்க்க வேண்டும் என்று மிகுந்த வருத்தத்தோடு கேட்டுக்கொள்கிறேன். ஒரு பக்க வழக்குச் சுருக்கத்தைக் கொடுத்து, அதற்கு ஓர் அறிவிப்போ எதிருரையோ எழுதச் சொல்லும் ஒரே ஒரு கேள்வியைச் சேர்த்தால், மதிப்பெண்ணை உயர்த்துவதைவிட அது எவ்வளவோ பயன் தரும்.

உங்கள் சீனியர் தேர்வு எழுதாமல் நல்ல வழக்கறிஞரானார் என்பதை நான் மறுக்கவில்லை. அவருக்குக் கற்றுக்கொடுத்த சீனியர் ஒருவர் இருந்திருப்பார், வழக்குக் கட்டைத் தூக்கி வந்து வாய்தா வாங்கி நின்ற ஆண்டுகள் இருந்திருக்கும். அவை எல்லோருக்கும் கிடைப்பதில்லை. மேலும், ஒருமுறை பதிவு செய்துவிட்டால் அதன்பின் யாரும் நம்மைச் சோதிப்பதில்லை என்பது சீனியர்களுக்கும் பொருந்தும் குறை. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூன்றும் போய், பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பாரதிய சாக்ஷிய அதிநியம் ஆகியவை நடைமுறைக்கு வந்தன. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 482 என்றால் உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம், வழக்கை ரத்து செய்யக் கேட்கும் பிரிவு. புதிய சட்டத்தில் 482 என்பது முன்ஜாமீன். பழைய 482 இப்போது 528. வாழ்நாளெல்லாம் ஒரு எண்ணைச் சொல்லிப் பழகியவர்கள் இதில் தடுமாறுவது இயல்பு. ஆனால் அவர்களைப் படிக்க வைக்க எந்த ஏற்பாடும் இல்லை. தேர்வுக்காக இந்தப் புதிய சட்டங்களை நீங்கள் படிப்பது உங்கள் சீனியரின் அலுவலகத்துக்கே உதவும். படித்ததை அவரோடு பணிவோடு பகிர்ந்துகொள்ளுங்கள். தேர்வைப் பற்றிய அவருடைய எண்ணமும் சற்று மாறலாம்.

பொதுமக்கள் பக்கத்திலிருந்தும் ஒன்று சொல்ல வேண்டும். வழக்கறிஞரின் சேவைக் குறைபாட்டுக்காக நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. தீர்ப்பின் காரணங்களை நான் ஏற்கிறேன். வழக்கறிஞர் நீதிமன்றத்துக்கும் கடமைப்பட்டவர், எல்லாச் சேவையையும் போல் இதை விலைபேச முடியாது. ஆனால் அதன் விளைவையும் பார்க்க வேண்டும். காலவரம்பைத் தவறவிட்ட வழக்கறிஞரால் நிலத்தை இழந்தவருக்கு மிச்சமிருப்பவை, வழக்கறிஞர்கள் சட்டம் 35-ஆவது பிரிவின் கீழ் பார் கவுன்சிலில் ஒழுங்கு நடவடிக்கை கோருவதும், சிவில் நீதிமன்றத்தில் இழப்பீட்டு வழக்கு போடுவதும்தான். முன்னது நடத்தைக் கேட்டுக்காக ஏற்பட்டது. வெறும் திறமைக் குறைவு எல்லாம் அதில் அடங்குவதில்லை. பின்னதற்கு இன்னொரு வழக்கறிஞரைத் தேட வேண்டும். வெளியிலிருந்து வரும் கண்காணிப்பு இவ்வளவு குறைவாக இருக்கும் ஒரு தொழிலில், உள்ளே வரும்போது கொடுக்கும் பயிற்சி எவ்வளவு பலமாக இருக்க வேண்டும்! அதற்குப் பதிலாக ஒரு தேர்வின் தலையில் முழுச் சுமையையும் ஏற்றிவிட்டு, தேறியவரைத் திறமைசாலி என்றும் தவறியவரைத் தகுதியற்றவர் என்றும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். உங்கள் வீட்டில் நடக்கும் வாக்குவாதத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இனி நீங்கள் செய்ய வேண்டியவை. முதலில், வினாத்தாளையும் விடைக்குறிப்பையும் எடுத்து, தவறிய கேள்விகளைப் பாடவாரியாகப் பிரித்து எழுதுங்கள். தெரியாமல் தவறியவை எத்தனை, தெரிந்தும் பேர் ஆக்டில் தேடி நேரம் போனதால் விடுபட்டவை எத்தனை என்று பாருங்கள். மதிப்பெண் குறைப்பு இல்லாத தேர்வில் ஒரு கேள்வியைக்கூட வெற்றாக விட்டுவிட்டு வரக் கூடாது. கடைசிப் பத்து நிமிடத்தை அதற்கென்றே ஒதுக்குங்கள். அரசமைப்புச் சட்டம் 10, குற்றவியல் நடைமுறை 10, தண்டனைச் சட்டம் 8 என்று மூன்றே பாடங்களில் 28 கேள்விகள் இருக்கின்றன. இவற்றில் நீங்கள் இப்போது பலவீனமாக இருந்தால், ஒதுக்கும் நேரத்தில் பாதியை இவற்றுக்கே கொடுங்கள். இரண்டு கேள்விகளுக்காக நிறுமச் சட்டத்தைக் கரைத்துக் குடிக்க வேண்டியதில்லை.

படிக்கும் முறையைப் பற்றி ஒரு சொல். வழிகாட்டி நூலைப் படித்துவிட்டுப் பேர் ஆக்டைத் தேர்வறையில் முதன்முதலாகத் திறப்பவர்கள்தான் நேரத்தை இழக்கிறார்கள். பேர் ஆக்டையே பாடநூலாக வைத்துக்கொள்ளுங்கள். அத்தியாயத் தலைப்புகளின் வரிசை மனத்தில் பதியும் வரை பொருளடக்கத்தைத் திரும்பத் திரும்பப் பாருங்கள். தேர்வைத் தமிழிலும் எழுதலாம். எந்த மொழியில் சட்டத்தை நீங்கள் வேகமாகப் படிக்கிறீர்களோ அதையே தேர்ந்தெடுங்கள், கையில் கொண்டுபோகும் நூல்களும் அதே மொழியில் இருக்கட்டும். கேள்வி ஒரு மொழியிலும் நூல் இன்னொரு மொழியிலும் இருந்தால் அந்த இரண்டு நிமிடம் போதாது.

தேர்வுக்காக அலுவலகத்தை விட்டுவிட வேண்டாம். காலையில் நீதிமன்றம் கிளம்புவதற்கு முன் ஒரு மணி நேரம் போதும், ஒழுங்காகச் செய்தால். உங்கள் சீனியரிடம் இன்னும் அதிகம் கேளுங்கள். அவர் திருத்தும் இடங்களை ஏன் திருத்தினார் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கட்சிக்காரரோடு முதல் முறை பேசும்போது உடனிருக்க அனுமதி கேளுங்கள். சாட்சி விசாரணைக்கு முன் நீங்களாகவே குறுக்கு விசாரணைக் கேள்விகளை எழுதி, அவர் கேட்டவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உதவித்தொகை பற்றியும் தயங்காமல் பேசலாம். ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்சமாக வழங்கப்பட வேண்டும் என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. சிறு ஊர்களில் எல்லாச் சீனியர்களாலும் அது முடிகிற தொகையா என்பது வேறு; ஆனால் ஜூனியரின் உழைப்புக்கு விலை உண்டு என்று நீதிமன்றமே சொல்லியிருக்கிறது என்பதை உங்கள் அப்பாவும் அறிந்துகொள்ளட்டும்.

அவரிடம் கோபப்படாதீர்கள். மகள் ஐந்தாண்டு படித்து வந்திருக்கிறாள், கண்ணுக்குத் தெரியும் சான்று ஒன்று வேண்டும் என்று அவர் எதிர்பார்க்கிறார். ஒரு நாள் உங்கள் வழக்கு விசாரணைக்கு வரும்போது அவரை நீதிமன்றத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் எழுதிய மனு நீதிபதியின் மேசையில் இருப்பதையும் அதன்மீது உத்தரவு பிறப்பிக்கப்படுவதையும் அவர் பார்க்கட்டும்.

கடைசியாக, இரண்டு தேதிகளைக் குறித்து வையுங்கள். ஒன்று, உங்கள் தற்காலிகப் பதிவு நாளிலிருந்து இரண்டாண்டு முடியும் நாள். அதற்குள் தேறாவிட்டால், தேறும் வரை நீங்கள் நீதிமன்றத்தில் தொழில் செய்ய இயலாது, ஆகவே அடுத்த அறிவிப்பு வந்த உடனே விண்ணப்பித்துவிடுங்கள். எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம் என்பதை நம்பித் தள்ளிப்போட வேண்டாம். மற்றொன்று, அந்தத் தற்காலிகப் பதிவு நாளேதான். பின்னாளில் உரிமையியல் நீதிபதி தேர்வு எழுத நினைத்தால், குறைந்தது மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்று 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் கட்டாயமாக்கியிருக்கிறது. அந்த மூன்றாண்டு பார் தேர்வில் தேறிய நாளிலிருந்து அல்ல, தற்காலிகப் பதிவு செய்த நாளிலிருந்தே கணக்கிடப்படும் என்றும் தெளிவாக்கியிருக்கிறது. அதற்குப் பத்தாண்டு அனுபவமுள்ள ஒரு வழக்கறிஞரின் சான்றும், அதன்மீது நீதித்துறை அலுவலரின் மேலொப்பமும் தேவைப்படும். எனவே நீங்கள் ஆஜரான வழக்குகளின் எண், நீதிமன்றம், தேதி, அன்று செய்த வேலை ஆகியவற்றை இன்றிலிருந்தே ஒரு டைரியில் எழுதி, மாதந்தோறும் உங்கள் சீனியரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கி வையுங்கள்.